மெனியா மச்சான்னு டவுட் வந்தா தமிழ்லயே கேட்டுப் பாருங்க

இங்கிலீஷ்ல மெனி (many) எங்க போடணும், மச் (much) எங்க போடணும்னு குழம்புறவங்க முதல்ல அந்த கிராமர் ரூல்ஸையெல்லாம் ஓரமா வெச்சிடுங்க, ஏன்னா இந்த வித்தியாசம் நம்ம தமிழ்லயே இருக்கு. எத்தனைன்னு கேட்டா பொருந்துதா? அப்போ மெனி. எத்தனை புக், எத்தனை நாள். எவ்வளவுன்னு மட்டும்தான் கேக்க முடியுதா? அப்போ மச். எவ்வளவு தண்ணி, எவ்வளவு நேரம். பணத்தை நாம எண்ணத்தான் செய்யறோம், ஆனா எத்தனை பணம்னு யாராவது கேப்பாங்களா, எவ்வளவு பணம்னுதானே கேக்கறோம், இங்கிலீஷ்லயும் அதே மாதிரி ஹவ் மச் மணி தான். பேச்சுல எவ்வளவு பேர் வந்தாங்கன்னும் சொல்றோம், ஆனா அங்க எத்தனை போட்டாலும் சரியா வருது பாருங்க, அதனால அது மெனி.

இது காலை வாரிவிடுற இடமும் இருக்கு. ரெண்டு அட்வைஸ் சொல்றேன்னு தமிழ்ல சாதாரணமா சொல்லுவோம், இங்கிலீஷ்ல அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மெண்ட், ஹோம்வொர்க் எதையும் எண்ண முடியாது, கடைசில எஸ் சேர்க்கவும் கூடாது. எண்ணியே ஆகணும்னா டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ். நியூஸ்ல எஸ் இருந்தாலும் அது ஒருமைதான், தி நியூஸ் இஸ் குட். இந்த லிஸ்ட்டை மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க, வேற வழியில்ல.

அடுத்து ஃபியூவுக்கும் அ ஃபியூவுக்கும் உள்ள வித்தியாசம், நிறைய பேர் இதை கண்டுக்கறதே இல்ல, ஆனா அந்த ஒரு அ அர்த்தத்தையே மாத்திடும். ஐ ஹேவ் அ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்னா சில ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, சந்தோஷம். அ இல்லாம ஐ ஹேவ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்னா சில பேர்தான் இருக்காங்கன்னு ஒரு குறை வந்துடும். தமிழ்ல சொல்றப்ப 'தான்'னு சேர்க்கத் தோணுதுன்னா அ வேண்டாம். எண்ண முடியாததுக்கு லிட்டில், அ லிட்டில், அதே கணக்கு.

குறைவுன்னு சொல்ல, எண்ண முடிஞ்சா ஃபியூவர் மிஸ்டேக்ஸ், எண்ண முடியாட்டி லெஸ் டைம். ஆனா லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்னு சொல்றது சரிதான், அங்க கிலோமீட்டரை ஒண்ணொண்ணா எண்ணல, மொத்த தூரத்தை ஒண்ணா பாக்கறோம்.

இன்னொண்ணு, ஐ ஹேவ் மச் வொர்க்னு சொன்னா கேக்க ஒட்டாது, மச் பெரும்பாலும் கேள்வியிலயும் இல்லைன்னு சொல்றப்பவும்தான் வரும், மத்த இடத்துல அ லாட் ஆஃப் போடுங்க, அது ரெண்டு வகைக்கும் செட் ஆகும். டைம் மாதிரி சில வார்த்தை ரெண்டு பக்கமும் நிக்கும், அங்க மறுபடி தமிழ்லயே கேளுங்க: எவ்வளவு நேரம்னா மச் டைம், எத்தனை தடவைன்னா மெனி டைம்ஸ்.