கடலோரச் சேவைச் சங்கத்தை ஓராண்டு நடத்துவது எப்படி?

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. இராமநாதபுரம் கடற்கரையில் தலைவர் பொறுப்பை ஏற்பவர், அந்தப் பன்னிரண்டு மாதங்களையும் கடல்தொழிலின் நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்த பிறகே பணிகளை வகுக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நீடிக்கிறது. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் விசைப்படகுத் தொழிலாளர்களை ஒருசேரக் கரையில் காணக்கூடிய காலம் இதுவே. ஆனால் சங்கங்களோ அப்போதுதான் கணக்கை முடித்து, அடுத்த தலைவரின் பதவியேற்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடித்துக்கொண்டிருக்கும். ஆகவே தடைக்காலத்தில் செய்யவேண்டிய பணியை ஜூலை மாதச் செயற்குழுவிலேயே தீர்மானித்து, அதற்குரிய தொகையைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது. பாசி எடுக்கும் பெண்களின் வேலையும் கடல்நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தே அமைகிறது. எனவே எந்த ஊரிலும் தேதி குறிக்கும் முன் மீனவர் சங்கத் தலைவர், பங்குத்தந்தை, ஜமாத்தார், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோரை நேரில் கண்டு பேசுங்கள். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று மட்டும் கேட்காமல், “எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தால் ஆட்கள் இருப்பார்கள்?” என்றும் கேளுங்கள். முகாமின் வெற்றியில் பாதி இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

கண் சிகிச்சை முகாமை எடுத்துக்கொள்வோம். பந்தல், ஒலிபெருக்கி, விளம்பரப் பதாகை ஆகியவற்றுக்கு உறுப்பினர்கள் தாமாகவே முன்வருவார்கள். தலைவர் கவலைப்பட வேண்டியது அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைக்காகவே. முகாமுக்கு முந்தைய வாரத்தில் இருவர் வீடுவீடாகச் சென்று, பார்வை மங்கிய முதியோரின் பட்டியலை எடுக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கையோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் உடன் யார் செல்வார்கள் என்பதையும் குடும்பத்தாரிடம் அப்போதே பேசி முடிக்க வேண்டும். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் சொட்டு மருந்தைத் தவறாமல் விடுகிறார்களா, மறுபரிசோதனைக்கு வந்தார்களா என்று பார்க்க ஒரே ஓர் உறுப்பினரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டால் எவரும் பார்ப்பதில்லை. முகாமில் எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்ற எண்ணிக்கை பத்திரிகைச் செய்திக்குத்தான் உதவும். மறுபரிசோதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதையே மாதக் கூட்டத்தில் கேளுங்கள்.

இரத்ததான முகாமுக்கு முன்பு இரத்த வங்கியிடம் தேவையைக் கேட்டறிவது நல்லது. முழு இரத்தத்தைச் சுமார் 35 நாட்கள் வரையே சேமிக்க முடியும் என்பதால், ஒரே நாளில் பெருங்கூட்டத்தைத் திரட்டுவதைவிட, கொடையாளர்களைப் பிரித்துச் சில மாத இடைவெளியில் அழைப்பதே பயன் தரும். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் நோன்பு மாதத்தில் இம்முகாமை வைக்காதீர்கள்.

இம்மாவட்டக் கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், ஊரணியைத் தூர்வாரும் பணிக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. ஊராட்சியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்று, நீர் வற்றிய கோடையில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிட வேண்டும். வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலத்தை அகற்றாமல் ஊரணியை மட்டும் ஆழப்படுத்தினால் நீர் வந்து சேராது; அளவுக்கு மீறித் தோண்டினால் உவர்நீர் ஊறவும் கூடும். இயந்திரத்தை அமர்த்தும் முன் அவ்வூர் விவசாயிகளை அழைத்துக் கேளுங்கள்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது, காசோலையில் இருவர் கையெழுத்து, மாதந்தோறும் கூட்டத்தில் வாசிக்கப்படும் வரவு செலவு. மூத்த உறுப்பினர் ஒருவர் வாய்மொழியாகச் செலவுக்கு ஒப்புதல் கேட்டால், மரியாதையுடன் செயற்குழுவுக்கு அனுப்பிவைக்கலாம்.

அடுத்த தலைவராகத் தேர்வானவரை ஏப்ரல் முதலே களத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஜூன் மாதத்தில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் மறுபரிசோதனை அவருடைய ஜூலையில்தான் வரும். அந்தப் பெயர்ப் பட்டியலைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.