என்கிரிப்ட் ஆன கோப்புப் பெயர் கெட்டுவிட்டதா? சோதிக்கும்போது செய்யும் தவறுகள்

லினக்ஸில் ஈஎக்ஸ்டி4 (ext4), எஃப்2எஃப்எஸ் (F2FS) ஆகிய இரண்டு கோப்பு முறைமைகளும் எஃப்எஸ்கிரிப்ட் (fscrypt) என்ற கெர்னல் வசதி மூலம் கோப்புப் பெயரையும் என்கிரிப்ட் செய்ய முடியும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்ற முடியும். இதில் பெரிய தவறு, என்கிரிப்ட் ஆகியிருந்தால் பழுது தானாகவே தெரிந்துவிடும் என்று நம்புவது. தெரியாது. பெயரோடு எந்தச் சரிபார்ப்புக் குறியும் சேமிக்கப்படுவதில்லை, அதனால் டிஸ்கில் ஒரு பிட் மாறினாலும் டிகிரிப்ட் (சாவியால் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது) பிழையில்லாமல் முடியும், வருவது மட்டும் குப்பையாக இருக்கும். அந்தக் குப்பையின் நடுவே பூஜ்ய பைட் வந்தால் பெயர் அங்கேயே வெட்டுப்படும், பெயரில் இருக்கக் கூடாத சாய்வுக்கோடும் (/) வரலாம். ஆகவே டிகிரிப்ட் செய்த பிறகு, பெயர் காலியா, சாய்வுக்கோடு உண்டா என்று கட்டாயம் பாருங்கள்.

இதே சோதனையை டிகிரிப்ட் செய்வதற்கு முன்னால் வைப்பது இன்னொரு தவறு. என்கிரிப்ட் ஆன பைட்டுகளில் பூஜ்யமோ சாய்வுக்கோடோ வருவது இயல்புதான். அதைப் பழுது என்று சொன்னால் நல்ல கோப்புகள்தான் மாட்டிக்கொள்ளும்.

சாவி இல்லாத நிலையில் பெரும்பாலும் நீளத்தை மட்டுமே நம்பலாம்: 16 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் நிச்சயம் பழுதுதான், கெர்னலும் அதை ஏற்காது. ஆனால் ஒவ்வொரு அடைவிலும் இருக்கும் ஒற்றைப்புள்ளி (.), இரட்டைப்புள்ளி (..) ஆகிய இரண்டு பதிவுகளும் என்கிரிப்ட் ஆவதில்லை, அவற்றை இந்தச் சோதனையிலிருந்து விட்டுவிட வேண்டும். பெயர்கள் 4, 8, 16, 32 பைட் மடங்குகளுக்கு நிரப்பப்படுகின்றன என்று படித்துவிட்டு, மடங்கில் இல்லாததையெல்லாம் நிராகரிப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு: உச்ச வரம்பு 255 பைட், அது 32-இன் மடங்கு இல்லை, மிக நீளமான பெயர்கள் அங்கே போய் நின்றுவிடும்.

சாவி ஏற்றாத அடைவில் புரியாத எழுத்துகளாகத் தெரியும் பெயர்களைப் பார்த்துப் பதறி அழிக்காதீர்கள், அது கெர்னல் வேண்டுமென்றே காட்டும் தற்காலிகப் பெயர். முதலில் சாவியை ஏற்றிப் பாருங்கள்.

சரி, பிட் மாறியதை உண்மையில் யார் பிடிப்பது? ஈஎக்ஸ்டி4-இல் அடைவு பிளாக்குகளுக்கான செக்சம் (தரவு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பிடிக்கும், மெட்டாடேட்டா செக்சம் (metadata_csum) வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழுது உறுதியானாலும், ஈஎக்ஸ்டி4-ஐச் சோதித்துச் சரிசெய்யும் கருவியான ஈ2எஃப்எஸ்சிகே (e2fsck) கேட்கும் எல்லாக் கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆம் சொல்லாமல், முதலில் டிஸ்கின் நகல் எடுத்துவிடுங்கள். அந்தக் கருவி பெயருக்கான பதிவை நீக்கிவிட்டால், கோப்பு லாஸ்ட்+ஃபவுண்டு (lost+found) என்ற மீட்பு அடைவுக்குள் வெறும் ஐநோடு எண்ணோடு (கோப்பின் உள் அடையாள எண்) வந்து சேரும். சாவி இருந்தால் உள்ளடக்கத்தைப் படித்துவிடலாம், பழைய பெயர் கிடைக்காது.