அமராவதி போகுமுன் எழும்பூர் போங்கள்

ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரை அமராவதியின் ஸ்தூபியை, அதாவது பழைய பௌத்த நினைவு மேட்டைப் பார்க்கக் கிளம்பும் சென்னைக்காரர்கள், முதலில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதி சிற்பக்கூடத்தைப் பார்த்துவிடுங்கள். அங்கே ஸ்தூபியின் முழு வடிவமே செதுக்கப்பட்ட பலகையை, அனுமதி இருந்தால், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம், 19ஆம் நூற்றாண்டிலேயே சிற்பங்களில் பெரும்பகுதி சென்னைக்கும் லண்டனுக்கும் போய்விட்டது. தலத்தில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 50 மீட்டர் அகல வட்ட மேடையும், நட்டுவைத்த சில கற்பலகைகளும்தான். கையில் அந்தப் படம் இருந்தால் ஸ்தூபியைச் சுற்றிய கல்வேலி எங்கே நின்றது, நான்கு திசையிலும் ஐந்தைந்து தூண்கள் எங்கே இருந்தன என்று அங்கேயே பொருத்திப் பார்க்கலாம். எழும்பூரில் நளகிரி யானைச் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள்: ஒரே வட்டத்துக்குள் ஒருபுறம் மதம்பிடித்து ஆளை மிதிக்கிறது, மறுபுறம் புத்தர் காலடியில் மண்டியிடுகிறது. அவ்வளவு உயிர்!

விஜயவாடாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. ஸ்தூபிக்குப் பக்கத்திலுள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகத்திலேயே மாதிரி ஸ்தூபி இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், இரண்டு அருங்காட்சியகங்களுக்குமே அன்று விடுமுறை.