பரிமாற்றப் பயணத்தில் அரசியல் பேசுவது எப்படி? ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்

வெளிநாட்டுப் பள்ளிகளுக்குக் கிளம்பும் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நீங்கள் கேட்கும் கேள்வியின் விளைவை அனுபவிக்கப் போவது நீங்கள் இல்லை. சில நாளில் விமானம் ஏறிவிடுவீர்கள். பதில் சொன்ன ஆசிரியரோ அதே தலைமையாசிரியர், அதே கல்வித்துறை, அதே பெற்றோர் நடுவில்தான் வேலை பார்த்தாக வேண்டும். எதைக் கேட்கலாம், எங்கே கேட்கலாம் என்பதையெல்லாம் நான் இதை வைத்தே முடிவு செய்கிறேன்.

அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கிவிடவும் கூடாது. நான் வரலாறு நடத்துகிறவள். இன்னொரு நாட்டில் அதே பாடத்தை நடத்துகிறவரைச் சந்தித்துவிட்டு, வெறும் வாழ்த்தும் பரிசும் மட்டும் பரிமாறிக்கொண்டு திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

கிளம்பும் முன் அந்த நாட்டுச் சட்டத்தைப் படியுங்கள். தாய்லாந்தில் அரசரையோ அரசியையோ பட்டத்து வாரிசையோ அவமதித்ததாகக் குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவில் வழக்கு வந்தால், ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. முகநூலில் பகிர்ந்ததற்கே வழக்குகள் பாய்ந்திருக்கின்றன. ஜெர்மனியில் பொது இடத்தில் நாஜி வணக்கம் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது குற்றம். சட்டத்தைத் தாண்டி, ஆறாத காயங்களும் உண்டு. ருவாண்டாவில் யாரிடமும் ‘நீங்கள் ஹூட்டுவா, டுட்சியா?’ என்று கேட்காதீர்கள். 1994 இனப்படுகொலையில், அடையாள அட்டையில் இருந்த அந்த ஒரு விவரத்தைப் பார்த்துத்தான் சாலைத் தடுப்புகளில் ஆட்களைப் பிரித்துக் கொன்றார்கள்.

உங்கள் ஸ்லைடில் இருக்கும் வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். தைவான் எந்த நிறத்தில் இருக்கிறது, ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள கடலுக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதே கூட்டத்தின் போக்கை மாற்றிவிடும். வரைபடம் இல்லாமல் முடியுமென்றால் எடுத்துவிடுங்கள்.

இனி, கேட்கும் முறை. ‘உங்கள் அரசாங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஆபத்தில் மாட்ட வேண்டும். அதையே ‘இந்தப் பாடத்தை எந்த வகுப்பில் வைத்திருக்கிறீர்கள்? எத்தனை பீரியட்? மாணவர்கள் என்ன கேட்பார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். இது ஓர் ஆசிரியர் இன்னோர் ஆசிரியரிடம் கேட்கும் கேள்வி. எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில் இருக்கிறது.

அதைவிட நல்ல வழி, பாடநூலைச் சேர்ந்து புரட்டுவது. அது அனுமதி பெற்ற புத்தகம். அதைப் பற்றிப் பேசுவதில் பெரும்பாலும் யாருக்கும் பயமில்லை. ஒருமுறை ஓர் ஆசிரியை, தன் நாட்டின் பெரிய கலவரம் ஒன்று இரண்டே பத்தியில் முடிந்திருந்த பக்கத்தைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவர் பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றிவிடுங்கள். மறுநாள் அதே இடத்துக்குத் திரும்பி வராதீர்கள்.

அருகில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம். அதிகாரிகள் முன்னால் வேண்டாம், மாணவர்கள் முன்னாலும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை மறந்துவிடுகிறோம், அவரும் அந்த ஊரில்தான் வாழ வேண்டும், நீங்கள் கேட்டதை அவர் வாயால் சொல்ல வேண்டும். யாருக்கு ஆதரவு என்று வகுப்பில் பிள்ளைகளைக் கைதூக்கச் சொல்வது எந்த நாட்டிலும் தவறு.

அங்குள்ள மாணவர்களும் உங்கள் நாட்டு அரசியலைப் பற்றி உங்களைக் கேட்பார்கள், அதுவும் நேராகவே. இதற்கு எனக்குக் கைகொடுப்பது, அரசியல் கல்விக்காக 1976-இல் ஜெர்மனியின் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் உருவான உடன்பாடு. மாணவர் மேல் கருத்தைத் திணிக்கக் கூடாது; சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்ட வேண்டும்; தன் நிலையைத் தானே ஆராய மாணவருக்குத் திறன் வர வேண்டும். நான் அப்படியே செய்கிறேன். என் நாட்டில் இதைப் பற்றி என்னென்ன கருத்துகள் உண்டு என்று, எனக்குப் பிடிக்காத தரப்பின் வாதத்தையும் அந்தத் தரப்பினரே ஒப்புக்கொள்ளும்படி சொல்கிறேன். பிறகு என் கருத்தைக் கேட்டால், இது என்னுடையது மட்டும் என்று முதலில் சொல்லிவிட்டு அதைச் சொல்கிறேன். மழுப்பினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

குழுவுக்குள்ளேயே வாக்குவாதம் கிளம்பினால் அறைக்கு வந்து தீர்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின் எழுதும் அறிக்கையில்தான் அதிகம் கவனம் வேண்டும். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஊர், பள்ளி, நடத்தும் பாடம் மூன்றும் இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தனியாகச் சொன்ன எதையும், எழுதலாமா என்று அவரையே கேட்டபின் எழுதுங்கள். அதையும் அங்கிருக்கும்போது நேரில் கேளுங்கள். பள்ளி மின்னஞ்சலுக்கு எழுதிக் கேட்காதீர்கள். அவருடன் எடுத்த படத்தை அந்தப் பேச்சு வரும் பக்கத்தில் போடாதீர்கள்.