சம்பள உச்சவரம்பு விஷயத்தில் அணி நிர்வாகத்தை எப்போது நம்பலாம்?

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில் 1994 முதல் சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி ஒரு பருவத்தில் தன் வீரர்களின் சம்பளக் கணக்கில் தாண்டக்கூடாத மொத்த வரம்பு, நடைமுறையில் உள்ளது. 2025ஆம் பருவத்துக்கு அது அணிக்கு 27.92 கோடி டாலர். ஒரு ஒப்பந்தச் செய்தி வந்தவுடன் நிர்வாகத்தைப் புகழ்வதற்கோ ஏசுவதற்கோ முன்பு, தலைப்பில் மின்னும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, உத்தரவாதத் தொகையையும் (வீரரை விடுவித்தாலும் கொடுத்தாக வேண்டிய பணம்) கையெழுத்து ஊக்கத்தொகையையும் (ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்காகத் தரும் பணம்) பாருங்கள்.

ஊக்கத்தொகை வீரருக்கு முன்னதாகவே கிடைத்தாலும், உச்சவரம்புக் கணக்கில் அது அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதப்படும். ஆகவே ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகள் மீதமுள்ள ஒருவரின் அடிப்படைச் சம்பளத்தில் 1.5 கோடி டாலரை ஊக்கத்தொகையாக மாற்றினால், இவ்வாண்டுக் கணக்கில் அதில் 30 லட்சம் மட்டுமே ஏறும்; மீதி 1.2 கோடி அடுத்த நான்கு ஆண்டுகளின் தலையில் விழும். இதைத் தவறென்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் உச்சவரம்பு பெரும்பாலும் ஆண்டுதோறும் உயர்வதால் நாளைய சுமை சற்று இலேசாகும். ஆயினும் 2020இல் 19.82 கோடியாக இருந்த வரம்பு, பெருந்தொற்றின் விளைவாக 2021இல் 18.25 கோடியாகச் சரிந்ததையும் மறக்கலாகாது.

யாருடைய செலவு தள்ளிப்போடப்படுகிறது என்பதே என் பார்வையில் முதன்மையான கேள்வி. பந்தை வீசி ஆட்டத்தை வழிநடத்தும் இளம் குவார்ட்டர்பேக் என்றால் நம்பலாம். பந்தைச் சுமந்து ஓடும், முப்பது வயதைக் கடந்த ரன்னிங்பேக் என்றால் தாராளமாகச் சந்தேகப்படலாம். வீரர் வெளியேறினாலும் கணக்கில் இன்னும் எழுதப்படாமல் எஞ்சிய தொகை வரம்பைத் தின்னும்: 2024இல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை விடுவித்த டென்வர் பிராங்கோஸ் அணி, இரு பருவங்களில் சுமார் 8.5 கோடி டாலரை அவ்வாறு சுமந்தது.

பயன்படுத்தாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல விதி இடமளிப்பதால், செலவழிக்காத நிர்வாகத்தை உடனே கஞ்சத்தனம் என்று குறைகூற வேண்டாம்.