முதல் பக்கத்தை எப்படியெல்லாம் தவறாகப் படிக்கிறோம்

நாளிதழின் முதல் பக்கத்தை அன்றைய உலக நிகழ்வுகளின் முக்கியத்துவ வரிசையாக எடுத்துக்கொள்வதுதான் வாசகர்கள் செய்யும் அடிப்படைத் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை. அச்சுக்கு அனுப்பும் நேரத்துக்குள் கைக்கு வந்து, உறுதியும் செய்யப்பட்ட செய்திகளுள் எவற்றை முன்னால் வைப்பது என்பதையே செய்தி ஆசிரியர் ஒவ்வொரு மாலையும் முடிவு செய்கிறார். 1963 நவம்பர் 22 அன்று ஆங்கில எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி. எஸ். லூயிஸும் காலமானார்கள், அதே நாளில்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். வேறொரு நாளில் பெரிதாகப் பேசப்பட்டிருக்கக்கூடிய அவ்விருவரின் மரணமும் அந்த ஒரு செய்தியின் அடியில் ஏறக்குறைய மறைந்துபோயின. ஒரு செய்தி உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாகச் சுருங்கியிருப்பதைக் கண்டு, ஆசிரியர் குழு அதை அலட்சியம் செய்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அன்று அதனோடு போட்டியிட்டவை எவை என்று பார்ப்பது நல்லது.

முதல் பக்கத்தில் வராததெல்லாம் நடக்கவே இல்லை என்று நினைப்பதும் இதன் தொடர்ச்சிதான். நார்வே ஆய்வாளர்கள் யோஹான் கால்டுங்கும் மாரி ஹோல்ம்போ ரூகேயும் 1965-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தியாவதற்குத் துணைபுரியும் பண்புகளுள் ஒன்றாக, ஒரு நிகழ்வு நடந்து முடியும் கால அளவு இதழ் வெளிவரும் சுழற்சியோடு பொருந்துவதைக் குறிப்பிட்டார்கள். பாலம் இடிந்து விழுவதற்கு ஒரு தேதி உண்டு; நிலத்தடி நீர் இருபது ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே போவதற்குத் தேதி இல்லை. யாரேனும் ஓர் அறிக்கையை வெளியிட்டாலோ, வழக்குத் தொடுத்தாலோதான் அத்தகைய மெல்லிய மாற்றத்துக்கு ஒரு நாள் வாய்க்கிறது.

இட ஒதுக்கீடு ஒவ்வொன்றிலும் சதியைத் தேடுவது வேறு வகைத் தவறு. அமெரிக்க நாளிதழ் ஒன்றில் செய்தி நிறுவனங்களின் செய்திகளைத் தேர்ந்தெடுத்த ஆசிரியர் ஒருவர், அவற்றை ஒதுக்கியதற்கு எழுதிவைத்த காரணங்களை டேவிட் மானிங் வைட் ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டார். வந்தவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அச்சேறின. ஒதுக்கியதற்கான காரணங்களுள் அந்த மனிதரின் சொந்த விருப்பு வெறுப்புகள் இருந்தன என்றாலும், இடமில்லை என்ற சாதாரணக் காரணமும் மீண்டும் மீண்டும் வந்தது. அதற்காக உரிமையாளரின் நலனும் விளம்பரதாரரின் செல்வாக்கும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதை ஒரு நாள் இதழை வைத்து நிறுவ இயலாது. பல மாத இதழ்களைப் போட்டி நாளிதழ்களோடு ஒப்பிட்டால்தான் சாய்வு புலப்படும். முதல் பக்கம் செய்திக்கே உரியது என்ற எண்ணமும் அவ்வளவு பழையதல்ல: லண்டனின் 'தி டைம்ஸ்' 1966 மே வரை அந்தப் பக்கத்தை வரி விளம்பரங்களுக்குத்தான் கொடுத்துவந்தது.

எழுத்தின் அளவை உறுதியின் அளவாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு 1948-ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தலே போதும். அச்சுக்கோப்பாளர்களின் வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்னதாகப் பக்கத்தை முடிக்க வேண்டியிருந்த 'சிகாகோ டிரிபியூன்', ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று தலைப்பிட்டு அச்சிட்டது. வென்றவர் ட்ரூமன்.

வாசகரின் விருப்பத்தைக் கணிப்பதில்தான் ஆசிரியர்களும் வாசகர்களும் சேர்ந்தே தவறுகிறார்கள். பாப்லோ போச்கோவ்ஸ்கியும் யூஜெனியா மிட்செல்ஸ்டைனும் பல நாடுகளின் செய்தித் தளங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆசிரியர்கள் அரசியல், பொருளாதாரம், பன்னாட்டு விவகாரம் ஆகியவற்றை முன்வைக்கும்போது, வாசகர்கள் விளையாட்டு, குற்றம், பொழுதுபோக்கு, வானிலை ஆகியவற்றையே அதிகம் திறக்கிறார்கள். தேர்தல் போன்ற காலங்களில் இந்த இடைவெளி குறைகிறது. இதைப் படித்துவிட்டு, மக்களுக்குக் கேளிக்கைதான் வேண்டும் என்று தீர்ப்பளிப்பது அவசரம். தலைப்பைப் படித்ததுமே செய்தி தெரிந்துவிட்டதால் உள்ளே போகாத வாசகரை எந்தக் கணக்கும் பதிவு செய்வதில்லை. மேலே, படத்தோடு வைத்த செய்தி அதிகம் படிக்கப்படுவதும் இயல்பு. அந்த எண்ணிக்கையையே விருப்பத்துக்குச் சான்றாகக் காட்டி, மறுநாளும் அதே வகைச் செய்தியை மேலே வைத்தால், இதழ் தன் தேர்வைத் தானே மெச்சிக்கொள்வதாகிவிடும். கருத்துக்கணிப்பிலோ எதிர்த்திசையில் பிழை நேர்கிறது. நேரில் கேட்டால் எவரும் தமக்கு உலக அரசியலில்தான் ஆர்வம் என்று சொல்லவே விரும்புவார்கள்.

இதழுக்கு இதழ் விற்பனை முறை மாறுவதையும் மறந்துவிடுகிறோம். கடையில் தொங்கும் நாளிதழ், மடித்த நிலையில் கண்ணில் படும் மேல்பாதியைக் கொண்டே முன்பின் அறியாதவரையும் வாங்கவைக்க வேண்டும். எனவே அதன் தலைப்புகள் உரக்கப் பேசும். சந்தாவில் வீட்டுக்கு வரும் நாளிதழுக்கு அந்த அவசரம் குறைவு. அதன் சந்தாதாரர் நாள்தோறும் படிக்காமல் விடும் தலையங்கமும் நீதிமன்றச் செய்தியும்கூட அவர் பணம் கட்டுவதற்கான காரணங்களாக இருக்கலாம். அவற்றை யாரும் படிப்பதில்லை என்று நீக்கிவிட்டால், இழப்பு வாசிப்புக் கணக்கில் தெரியாமல், சந்தாவைப் புதுப்பிக்கும் நேரத்தில்தான் தெரியவரும்.