முளைக்காத தண்டுக்கீரை

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பாத்தியில் பிள்ளைகள் தூவிய சிவப்புத் தண்டுக்கீரை விதை, நாலைந்து நாளில் முளைத்திருக்க வேண்டியது, மறுபடி தூவியும் முளைக்கவில்லை. பழைய விதையோ என்று ஈரத்துணியில் முடிந்து வைத்தோம், நன்றாகவே முளைவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் அடித்துச் செல்கிறதோ என்று தென்னங்கீற்றால் மூடியதும் பயன் தரவில்லை.

பாத்தியை விட்டு எட்டியிருந்த சுவர் வெடிப்பில், எறும்பு வளையின் வாயைச் சுற்றி மட்டும் செந்நிற நாற்றுகள் அடர்ந்திருப்பதைக் கண்டவள் இளைய மகள். தரையோடு அமர்ந்து விளையாடும் குழந்தையின் கண்ணுக்கே அது எட்டும். பிறகு விதையுடன் மணலையும், விதையைவிடக் கூடுதலாக அரிசி நொய்யையும் கலந்து, சிறு கைகளுக்கும் பரவலாக விழும்படி தூவச் செய்து, மெல்லிய மண் போர்த்திப் பூவாளியால் நீர் விட்டோம். எறும்புகள் நொய்யைச் சுமந்து சென்றன, விதை தங்கியது. பாத்தி முழுதும் முளை கண்டதும் பெரும் நிம்மதி. நெருக்கமான நாற்றுகளைக் கலைத்துப் பிடுங்கும் வேலையும் இப்போது பிள்ளைகளுடையதே.